பதினைந்து பேர் கூடினால் ஒரு பள்ளிக்கூடம்



'செயற்கை நுண்ணறிவு' என்னும் சொல் இப்போது நம் வீட்டு முற்றம்வரை வந்துவிட்டது. தலவில் திருவிழாவுக்குக் கூடாரம் அடிக்கும் பையனின் கைத்தொலைபேசியிலும் அது இருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண்பிள்ளையின் மேசையிலும் இருக்கிறது. ஆனால் அது என்ன, எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்டால் விளக்கிச் சொல்லக்கூடியவர் நம் கிராமங்களில் மிகச் சிலரே. பெற்றோருக்கு அச்சம், பிள்ளைகளுக்கு மயக்கம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பொருள் விளங்கவில்லை.

பணம் கட்டினால்தான் இதைப் படிக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். 'ஆறு மாதத்தில் வேலை' என்று சொல்லி இலட்சக் கணக்கில் கேட்கும் விளம்பரங்களும் அந்த எண்ணத்தை வளர்க்கின்றன. உண்மை வேறு. உலகெங்கும் இந்தக் கல்வியின் ஒரு பெரிய பகுதி, கட்டணமும் சான்றிதழும் இல்லாமல், ஆர்வமுள்ளவர்கள் வாரமொருமுறையோ மாதமொருமுறையோ ஓரிடத்தில் கூடி, ஒருவருக்கொருவர் கற்பிப்பதனால் நடந்து வருகிறது. அந்தக் கூட்டங்களைப் பற்றியே இவ்வாரம் படிப்போம்.

இது புதிய வழக்கமன்று. 1975ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மென்லோ பார்க் என்னும் ஊரில், கோர்டன் பிரெஞ்ச் என்பவருடைய வீட்டுக் கார்க் கொட்டகையில் சுமார் 30 பேர் கூடினார்கள். கணனி என்றால் பெரிய நிறுவனங்களின் குளிரூட்டிய அறையில் இருக்கும் யந்திரம் என்று எல்லாரும் நினைத்த காலம் அது. இவர்களோ அதை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்பியவர்கள். ஒருவர் தாம் கண்டுபிடித்ததை மற்றவருக்குக் காட்டுவார்; மற்றவர் தம்மிடமுள்ள உதிரிப்பாகத்தைக் கொடுப்பார். அங்கே வந்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் தாம் வரைந்த கணனியை அந்தக் கூட்டத்தாருக்கே முதலில் காட்டினார். 1976இல் அது 'ஆப்பிள்' என்னும் பெயரில் வெளிவந்தது. கார்க் கொட்டகை என்றதும் நம்மவர் சிரிக்கலாம். நம் கரையோரத்தில் எத்தனையோ காரியங்கள் வலைக் கொட்டிலில் தொடங்கியவை அல்லவா?

'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயருங்கூட ஒரு கூட்டத்துக்காக இடப்பட்ட பெயர்தான். 1956ஆம் ஆண்டுக் கோடையில் டார்ட்மத் கல்லூரியில் சில அறிஞர்கள் கூடினார்கள். அதற்கு முந்திய ஆண்டில் ஜோன் மக்கார்த்தியும் அவருடைய தோழர் மூவரும் எழுதிய விண்ணப்பத்தில்தான் அந்தச் சொல் முதன்முதலாக இடம்பெற்றது.

நம் மொழி வழங்கும் இடங்களுக்கு வருவோம். சென்னையிலே 'லினக்ஸ்' என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர் 1990களின் இறுதியில் ஒரு குழுவாகச் சேர்ந்து மாதந்தோறும் கூடத் தொடங்கினர். 'பைதன்' என்னும் கணனி மொழியைக் கற்போருக்கும் அந்நகரிலே மாதக் கூட்டம் உண்டு. நமக்கு அதிலும் நெருக்கமான உதாரணம் விழுப்புரம். அது பெருநகரமன்று. அங்கே கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுவொன்று, கிராமத்து மாணவர்களைக் கூட்டிவைத்து, கட்டணமின்றித் தமிழிலேயே கணனி சொல்லிக் கொடுத்து வருகிறது. அப்படிப் படித்தவர்கள் வேலைக்குப் போனபின் திரும்பி வந்து அடுத்த வகுப்பாருக்குப் பாடம் நடத்துகிறார்கள். நமது நாட்டிலே யாழ்ப்பாணத்தில், யுத்தம் ஓய்ந்த சில ஆண்டுகளில், உள்ளூரிலும் வெளிநாட்டிலும் உள்ள தமிழ்க் கணனியாளர் சேர்ந்து 'யாழ் ஐ.ரி. ஹப்' என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2012இல் 'யாழ் கீக் சலஞ்ச்' என்னும் போட்டியை ஆரம்பித்துப் பள்ளி மாணவரையும் பல்கலைக்கழக மாணவரையும் திரட்டினார்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த 'சிலிக்கன் பள்ளத்தாக்கு' ஆக்குவோம் என்பது அவர்களது முழக்கம். முழக்கம் சற்றுப் பெரிதுதான். ஆனால் அந்தக் கூட்டங்களிலே மேடைக்கு வந்து தன் எண்ணத்தைக் கூறக் கூச்சம் தெளிந்த பிள்ளைகள் பலர். அதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒரு மண்டபம், சுவரில் படம் விழுத்தும் கருவி ஒன்று, சில மடிக்கணனிகள். வந்தவர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் செய்வதையும் ஒரு வரியில் சொல்லுவர். பிறகு ஒருவர் அரைமணி நேரம் தாம் செய்து பார்த்த ஒன்றை விளக்குவார். வெற்றி பெற்றதைப்போலவே தோற்றதையும் சொல்லுவார்; தோற்றதைக் கேட்கத்தான் கூட்டத்துக்கு அதிக விருப்பம். பின்பு தேநீர். தேநீருக்குப் பின் எல்லாருமாக ஒரே பயிற்சியைச் செய்வர். தெரிந்தவர் தெரியாதவரின் பக்கத்தில் உட்காருவார். பரீட்சை இல்லை, வரவுப் பதிவேடு இல்லை. தம் நிறுவனத்தின் சரக்கை விற்க வருபவரை நல்ல குழுக்கள் மேடையேற்றுவதில்லை.

இனி அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்பதை நாமே ஒருமுறை செய்து பார்ப்போம். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கணனி வேண்டாம்.

'தரவு' என்பது குறித்து வைத்த செய்தி. சம்மாட்டியார் தம் கொப்பியில் எழுதும் திகதி, படகு, மீனின் பெயர், நிறை, விலை எல்லாம் தரவே. குறித்தவற்றை அடுக்கி, எண்ணி, ஒப்பிட்டு, அவற்றினுள் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது தரவு விஞ்ஞானம். அந்த ஒழுங்கை யந்திரமே தேடிக் கண்டு, அதைக்கொண்டு இனி வருவதை ஊகிக்கும்படி செய்தால் அதை 'யந்திரக் கற்றல்' என்பர். இன்று செயற்கை நுண்ணறிவு என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இதுவே.

உலகெங்கும் இக்கூட்டங்களில் புதியவர்களுக்குக் கொடுக்கும் முதற்பயிற்சி ஒரு கப்பலைப் பற்றியது. 1912 ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலையில் வட அத்திலாந்திக் சமுத்திரத்தில் 'டைட்டானிக்' மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் மாண்டனர். அதிற் சென்ற பிரயாணிகள் 891 பேரின் விபரம் ஒரு பட்டியலாக இலவசமாகக் கிடைக்கிறது: ஆணா பெண்ணா, வயது என்ன, எந்த வகுப்பு, சீட்டுக்கு என்ன விலை, பிழைத்தாரா மாண்டாரா. இன்னும் 418 பேரின் விபரமும் உண்டு; ஆனால் அதில் பிழைத்தாரா மாண்டாரா என்ற விடை மட்டும் மறைக்கப்பட்டிருக்கும். முதற் பட்டியலைப் படித்து, இரண்டாவது பட்டியலிலுள்ளவர்களின் கதியை ஊகிக்க வேண்டும். 'காகிள்' என்னும் நிறுவனம் நடத்தும் இந்தப் பயிற்சியை இலட்சக் கணக்கானோர் செய்திருக்கிறார்கள்.

ஏன் 418 பேரை மறைத்து வைக்கிறார்கள்? கடந்தகால வினாத்தாள்களை மனப்பாடம் செய்யும் மாணவன் அதே வினாக்களுக்கு நூறு புள்ளி வாங்குவான். புது வினா வந்தால் விழிப்பான். யந்திரத்துக்கும் இதே நோய் உண்டு. ஆகவே அது காணாத வினாவைக் கொடுத்தே அதன் கல்வியைச் சோதிக்கவேண்டும். ஒரு நிறுவனம் 'எங்கள் யந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி' என்று சொன்னால், 'எந்தத் தாளில்?' என்று கேட்கப் பழகுங்கள்.

இப்போது எண்ணுவோம். அந்த 891 பேரில் பெண்கள் 314. அவர்களில் 233 பேர் பிழைத்தனர். ஆண்கள் 577, பிழைத்தவர் 109 பேர். எனவே 'பெண் என்றால் பிழைப்பாள், ஆண் என்றால் மாள்வான்' என்று ஒரே ஒரு விதியை எழுதினாலே 701 பேருக்கு விடை சரியாகிவிடும், அதாவது நூற்றுக்கு 78க்கு மேல். கணனி தேவையில்லை, ஆறாம் வகுப்புக் கணக்கே போதும். பெரிய யந்திரங்களைக் கொண்டுவருபவர் இந்த எளிய விதியை எவ்வளவால் மிஞ்சினார் என்பதுதான் அதற்குமேல் கேட்கவேண்டியது.

அடுத்து வகுப்பைப் பாருங்கள். முதலாம் வகுப்பில் 216 பேர், பிழைத்தவர் 136. மூன்றாம் வகுப்பில் 491 பேர். பிழைத்தவர் 119 மட்டுமே. பெண்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். முதலாம் வகுப்புப் பெண்கள் 94 பேரில் 91 பேர் கரை சேர்ந்தனர். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 72 பேர், சரி பாதி. 'பெண்களும் பிள்ளைகளும் முதலில்' என்ற கட்டளை எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி எட்டவில்லை. யந்திரத்துக்கு அந்தக் கட்டளையும் தெரியாது, மூன்றாம் வகுப்பார் கப்பலின் எந்தத் தட்டில் இருந்தார்கள் என்பதும் தெரியாது. அது எண்ணியது, எண்ணியதைத் திரும்பச் சொல்லுகிறது. காரணத்தைத் தேடுவது அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் வேலை. கூட்டமாக இதைச் செய்வதன் பயன் இங்கேதான் தெரியும். கடலுக்குப் போகிறவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தால், படகு இறக்கும் ஒழுங்கைப் பற்றி அவன் கேட்கும் கேள்வி பட்டதாரிக்குத் தோன்றாது.

இன்னொன்று. வயது என்ற நிரலைப் பாருங்கள். 891 பேரில் 177 பேருக்கு வயது எழுதப்படவில்லை. கட்டம் வெறுமையாக இருக்கிறது. யார் இந்த 177 பேர்? முதலாம் வகுப்பார் 30 பேர், இரண்டாம் வகுப்பார் 11 பேர், மூன்றாம் வகுப்பார் 136 பேர். மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவருக்கு மேல் வயதில்லாதவர்! புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்வது என்னவென்றால், எல்லாருடைய வயதின் சராசரியை எடுத்து அந்த வெறுங்கட்டங்களில் நிரப்பிவிடுவது. கணக்கு ஓடும். ஆனால் யாருடைய வயதைக் கொண்டு யாருடைய வயதை நிரப்பினோம்? ஏழையின் வெறுங்கட்டத்தில் மற்றவருடைய வயதும் கலந்த சராசரி போய் உட்காருகிறது. இந்த ஒரு கேள்வியை ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசலாம். பேசவும் வேண்டும்.

ஏனெனில் இது நூறாண்டுக்கு முந்திய கப்பலோடு நிற்பதில்லை. ஒல்லாந்து தேசத்தில் பிள்ளைப் பராமரிப்புக்கான அரசாங்க உதவிப் பணத்தில் மோசடி செய்பவர் யார் என்று ஊகிக்க வரித் திணைக்களம் ஒரு கணனி முறையை வைத்திருந்தது. ஒருவர் ஒல்லாந்தப் பிரஜையா இல்லையா என்பதும் அதில் ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆயிரக் கணக்கான குடும்பங்கள் அநியாயமாக மோசடிக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கடனில் வீழ்ந்தன. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கமே பதவி விலகவேண்டி வந்தது. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி, குடிகளைத் 'தோம்பு'களில் பதிந்து வைத்த அந்த ஒல்லாந்தருக்குப் பதிவு வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

வெறுங்கட்டத்தில் நாம்

'சுவாமி, எங்கள் பிள்ளைகள் வலை இழுப்பவர்கள். இது கொழும்புப் பிள்ளைகளுக்கு உரியது' என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு நான் காட்டுவது அந்த 136 வெறுங்கட்டங்களைத்தான்.

இன்று கைத்தொலைபேசியில் பேசும் யந்திரம், மனிதர் எழுதிவைத்த ஏராளமான நூல்களையும் தாள்களையும் படித்து, ஒரு சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரும் என்று ஊகிக்கக் கற்றது. அது படித்தவற்றிற் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் மிகச் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கிலும் அதிகம் தமிழ்நாட்டுப் பத்திரிகைத் தமிழ். முந்தலிலும் உடப்பிலும் கற்பிட்டியிலும் பேசும் தமிழ் அதில் எவ்வளவு இருக்கும்? கரைவலைக்காரர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெயர்கள், வாடியில் மீனைப் பங்கிடும்போது சொல்லும் சொற்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் வாயோடு போகின்றன. நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம்வரை மீனவர் வீடுகளிற் பேசும் தமிழை மொழியியலாளர் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கரையிலே தாத்தா தமிழ் பேசவும் பேரன் சிங்களத்தில் மறுமொழி சொல்லவும் கேட்கும் வீடுகளை நாம் எல்லாரும் அறிவோம். இதில் யாரையும் நோகவேண்டியதில்லை; சிங்களமும் நம் வீட்டு மொழியாகிவிட்டது. ஆனால் பாட்டியின் தமிழ் ஒருமுறை போனால் எந்த யந்திரமும் அதைத் திருப்பித் தராது.

ஆகையால் நம் கரையில் ஒரு குழு கூடுமானால், அதன் வேலை வெளிநாட்டார் செய்ததைப் பழகிப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. 'மொசில்லா' என்ற அமைப்பு 2017இல் தொடங்கிய 'கொமன் வொய்ஸ்' என்னும் திட்டத்தில், யாரும் தம் மொழியில் வாக்கியங்களை வாசித்துக் குரலைக் கொடுக்கலாம். பிறர் கொடுத்ததைச் சரிபார்க்கலாம். தமிழும் அதில் உண்டு. நம் பிள்ளைகளின் உச்சரிப்பு அதிற் சேர்ந்தால், பேச்சைக் கேட்டு எழுதும் யந்திரத்துக்கு நம் பேச்சும் விளங்கத் தொடங்கும். ஆனால் கொடுக்குமுன் ஒன்றை அறிந்து கொடுங்கள்: அங்கே சேரும் குரல் எவரும் எதற்கும் பயன்படுத்தும்படி திறந்து விடப்படுகிறது. பின்னர் வருந்தித் திரும்பப் பெற முடியாது. சிறுவர் குரலைப் பெற்றோரைக் கேளாமற் கொடுக்கலாகாது.

தரவைக் கூட்டாக வைத்திருப்பதன் பயனை நம் மாவட்டத்தார் இறால் பண்ணையில் ஏற்கனவே படித்திருக்கிறார்கள், பெரும் விலை கொடுத்து. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது ஒரு பண்ணையின் நீர் ஒல்லாந்தர் வாய்க்காலில் விழ, அடுத்த பண்ணைக்காரர் அதையே உள்ளே இறைத்தார். தன் குளத்தில் நோய் என்பதை மறைத்தவனும் கெட்டான், அறியாதவனும் கெட்டான். பிற்காலத்தில் பண்ணையாளர் சங்கங்களும் அரசின் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையும் சேர்ந்து, கரையை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தார் எந்தக் காலத்தில் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி வகுத்தார்கள். அதன் உயிர்நாடி, ஒருவர் மற்றவருக்கு உண்மையான செய்தியைச் சொல்வது. எந்த நுண்ணறிவு யந்திரம் வந்தாலும் இந்த இடத்தில் அது மனிதருடைய வாய்ச்சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கும்.

நம் நாட்டுக் கணனியாளர் கூடினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் தீவில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. யார் எந்த முகாமில், காணாமற் போனவர் யார், எந்த லொறியில் வந்த அரிசி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை. கொழும்பிலிருந்த மென்பொருளாளர் பலர் தம் வேலைகளை ஒதுக்கிவிட்டு, லங்கா மென்பொருள் மன்றத்தின் கீழ்க் கூடி, அதற்கென்றே ஒரு மென்பொருளைச் சில வாரங்களில் எழுதினர். பெயர் 'சஹன', சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் என்று பொருள். பூரண இலவசமாக உலகுக்குக் கொடுத்தனர். 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது உதவிற்று. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் மன்றத்தின் சமூக நன்மை விருது அதற்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு அதே விருதைப் பெற்றது 'விக்கிப்பீடியா'. இலங்கையர் செய்த இந்தக் காரியத்தை அறியாத இலங்கைப் பிள்ளைகள் பலர்.

குருக்களுக்கும் இதில் ஒரு கதை உண்டு; சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ரொபேர்ட்டோ பூசா என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு, புனித தோமாஸ் அக்குவினாஸ் எழுதியவற்றில் 'பிரசன்னம்' என்பதன் பொருளை ஆராய்ந்தார். ஆராயும்போது, 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்' என்ற சின்னஞ்சிறு லத்தீன் சொல்லே அதற்குத் திறவுகோல் என்று கண்டார். கோடிக்கு மேற்பட்ட சொற்களில் அதைக் கையால் தேடி முடியுமா? 1949இல் நியூயோர்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தோமஸ் வாட்சனைக் கண்டு உதவி கேட்டார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அந்த வேலை 1980 வாக்கில் 56 தொகுதிகளாக அச்சில் நிறைவேறியது. கணனியைக்கொண்டு நூல்களை ஆராயும் துறைக்கு அவரை முன்னோடியாகச் சொல்லுகிறார்கள். அந்த அட்டைகளில் துளையிட்டவர்கள் கல்லராத்தே நகரத்து இளம் பெண்கள். அவர்களுடைய பெயர்களை வெகுகாலம் யாரும் எழுதவில்லை. மறுபடியும் வெறுங்கட்டம்!

கூட விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

முதலாவது, நாள். ஞாயிறு வேண்டாம், காலை பூசையும் மறைக்கல்வியும், மாலை களைப்பும். சனிக்கிழமைகளைப் பிரத்தியேக வகுப்புகள் விழுங்கிவிட்டன. என் அபிப்பிராயம் போயா தினம். மாதமொருமுறை தவறாமல் வரும்; நாட்காட்டியே அறிவித்தல் பலகை. முழுநிலவில் பல வலைகளுக்கு மீன் குறைவு என்பதால் கடற்றொழில் செய்யும் வாலிபரும் வரக்கூடும். காலையில் விகாரைக்குப் போகும் பௌத்த நண்பர்களை எண்ணிப் பிற்பகல் 2 மணிக்கு வைக்கலாம். பெண்பிள்ளைகள் பொழுதுபடுமுன் பஸ்ஸில் வீடு சேரவேண்டும். ஆகவே 5 மணிக்குக் கூட்டம் முடியவேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று இழுத்துக்கொண்டே போனால் அடுத்த மாதம் ஒரு பெண்ணும் வரமாட்டாள். தாய்மார் பின்வரிசையில் அமர்ந்து கேட்க விரும்பினால் நாற்காலி போடுங்கள்.

இடத்துக்குப் பங்கு மண்டபம் போதும். ஆனால் அது கத்தோலிக்கருக்கு மட்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. புத்தளத்திலும் பாலாவியிலும் கணனியிற் கெட்டிக்காரரான முஸ்லிம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்து முன்னேறியிருக்கிறார்கள். உடப்பில் இந்துப் பிள்ளைகள், சிலாபத்தில் சிங்களப் பிள்ளைகள். ஒரு மாதம் பங்கு மண்டபம் என்றால் மறுமாதம் பாடசாலை மண்டபமாக இருக்கட்டும். பேச்சு தமிழில் நடக்கட்டும். சிங்களம் மட்டும் தெரிந்தவர் பக்கத்தில் இரண்டும் தெரிந்த ஒருவரை இருத்துங்கள். நம் கரையில் அதற்கு ஆட்பஞ்சம் இல்லை.

கணனி எல்லாரிடமும் இராது. மூவருக்கு ஒரு மடிக்கணனி போதும். அதுவே நல்லது, ஒருவர் தட்டச்சுச் செய்ய இருவர் வாதாடலாம். 'பைதன்' மொழி இலவசம். கூகிளின் 'கொலாப்' என்னும் வசதியில், கைத்தொலைபேசியிலிருந்துகூடப் பயிற்சி எழுதி ஓட்டிப் பார்க்கலாம். தமிழில் நூல் வேண்டுமென்றால், 2012 முதல் நடந்துவரும் 'கணியம்' வெளியீடுகளில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை இருக்கிறது. யந்திரக் கற்றலைப் பற்றியும் அதில் ஒரு நூல் உண்டு. விலையில்லை. முதல் ஆறு மாதம் இவை தாராளமாகக் காணும். ஆறு மாதம் இப்படிக் கூடிப் பார்த்தபின், கட்டணப் படிப்பு தேவையா, எந்தப் படிப்பு என்று பிள்ளை தானே சொல்லும். அப்போது வீட்டார் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

பேசுபவர் கிடைக்காவிட்டால்? மொறட்டுவையிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள். அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்காக, பெரிய ஆள் வந்தால்தான் கூட்டம் என்று காத்திருக்கவேண்டாம். சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒருத்தி விரிதாளில் கூட்டல் போடுவது எப்படி என்று காட்டினால், அந்த மாதத்துக்கு அதுவே பாடம்.

ஒரு காரியத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆர்வ மிகுதியால் ஊர்த் தரவைக் கண்டபடி யந்திரத்தில் ஏற்றாதீர்கள். பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, சங்கத்தின் கடன் கொப்பி, வைத்தியசாலைச் சீட்டு ஆகியவற்றில் எழுதியிருப்பது மற்றவருடைய வாழ்க்கை. இன்னார் பிள்ளை இன்னாருக்குப் பிறந்தது என்பதைப் படம் பிடித்து, பிறதேசத்துக் கணனியிற் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம் பாராளுமன்றமும் நிறைவேற்றியிருக்கிறது. பங்குத்தந்தையிடம் பதிவேட்டைக் கேட்டு அவர் மறுத்தால் கோபிக்க வேண்டாம். அவர் சரியாகவே செய்கிறார். யந்திரத்தின் பொறுப்பு மனிதர்மேல் நிற்பதைப் பற்றித் திருச்சபை சொல்வதை அறிய விரும்புவோர், 2025 ஜனவரி 28ஆம் திகதியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் வத்திக்கான் ஏட்டை ஒரு கூட்டத்தில் எடுத்துப் படிக்கலாம். நீளமானது, பகுதி பகுதியாக எடுங்கள்.

முதற் கூட்டத்துக்கு டைட்டானிக் பட்டியல் இருக்கிறது. இரண்டாவது கூட்டத்துக்கு நம் சொந்தப் பட்டியல் ஒன்று வேண்டும். சம்மதிக்கும் ஒரு படகுக்காரரிடம் ஓராண்டுக் கொப்பியைக் கேளுங்கள். பெயர்களை விட்டுவிட்டு, திகதி, காற்று வாடையா சோளகமா, நிலவு வளர்பிறையா தேய்பிறையா, எந்த மீன், எத்தனை கிலோ, எரிபொருள் எத்தனை லீற்றர் என்று ஆறு நிரல்களாகப் பிரித்து எழுதுங்கள். கடலுக்குப் போகாத நாட்களையும், 'போகவில்லை' என்று, காரணத்தோடு எழுதுங்கள். கொப்பியின் சொந்தக்காரரையும் கூட்டத்துக்கு அழைத்து, விடை சொல்லுமுன் அவரை ஊகிக்கச் சொல்லுங்கள்.